வார் கட்டிய மரங்கள்

காலையில் கட்டும்போது பளபளவென்று சிவப்பாக இருந்த வார், திரும்பி வரும்போது மங்கியிருந்தது.

ஜெயகரன் நின்று பார்த்தான். மலை உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியதும் வரும் முதல் மரம் அது, ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த உசிலை. ஏறி வரும்போது வழி தவறாமல் இருக்க அவன் கையாலேயே கட்டிய தோல் வார். முடிச்சு அவன் போட்ட முடிச்சுதான், அகலமும் அதேதான். மேலே இருந்த மெருகு மட்டும் போய்விட்டிருந்தது. சாயம் ஏறி, மெருகு மிஷினுக்கு இன்னும் போகாத சரக்குபோல் சோர்ந்து தொங்கியது.

வேறு யாராவது இருந்தால் கவனித்திருக்க மாட்டார்கள். ஜெயகரன் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் செலக்ஷன் மேசையில் நிற்பவன். வந்து விழுகிற ஒவ்வொரு தோலையும் விரலால் தடவி, இது ஏற்றுமதிக்கு, இது உள்ளூருக்கு, இது கழிவு என்று பிரித்துப் போடுவது அவன் வேலை. பழக்கதோஷத்தில் வாரையும் தடவினான். ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்பது அவனுக்கு முன்பே தெரியும். கெமிக்கலிலேயே ஊறிய விரல்நுனிகள் மரத்துப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அதை மேனேஜரிடமும் சொல்லவில்லை, வேலூரில் நர்ஸாக இருக்கும் மனைவி டோரதியிடமும் சொல்லவில்லை. விரல் போனால் வேலை போச்சு. இப்போதெல்லாம் அவன் கண்ணால் பார்த்துத்தான் தரம் பிரிக்கிறான், சும்மா ஒப்புக்குத் தடவுகிறான்.

"வெயில்ல வெளுத்துட்டிருக்கும் மாமா," என்றான் ஜோவின். டோரதியின் ஒரே தம்பி. அக்கா வளர்த்த பிள்ளை.

"ஒரு பகல்ல வெளுக்கற சாயமில்லடா அது."

"மலை வெயில் ஜாஸ்தி இல்ல? வாங்க, அடுத்தது அதோ தெரியுது."

ஜோவினின் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. ரயில்வேயில் வேலை கிடைத்திருந்தது, ஜோலார்பேட்டையில், இன்ஜினில் அசிஸ்டென்ட் டிரைவராக. அடுத்த வாரம் போய்ச் சேர வேண்டும். அதற்குள், தான் ஓட்டப்போகிற தண்டவாளத்தை மலை மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஈஸ்டருக்கு மறுநாள் தொழிற்சாலைக்கு லீவு. சரி என்று ஜெயகரன் கிளம்பிவிட்டான்.

டோரதி தடுக்கவில்லை. மலையில் வழி தெரியாமல் சுற்றி, நாக்கு வறண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு காலேஜ் பையனை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "போவாதீங்கன்னு சொல்லல. வெளிச்சத்தோட அவனை வூட்டுக்குக் கூட்டினு வந்துடுங்க. எனக்கு அவ்ளோதான் வேணும்."

ஜெயகரன் எதையும் முன்யோசனையோடு செய்கிறவன். தண்ணீர், குளுக்கோஸ், டார்ச், விசில், கட்டுத்துணி என்று பையை நிரப்பினான். கடைசியாக ஒரு கட்டு தோல் வார். ஆம்பூரில் காசு கொடுத்துக் கயிறு வாங்குகிறவர்கள் கம்மி. துணி காயப்போட, சைக்கிளில் மூட்டை கட்ட, கேட்டை இழுத்துக் கட்ட, எல்லாவற்றுக்கும் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட தோலை நீளமாக நறுக்கி வைத்துக்கொள்வார்கள். ஜெயகரன் எடுத்து வந்தது ஷூவுக்குள் லைனிங்குக்குப் போடும் சிவப்பு ஆட்டுத் தோல். பச்சைக்கு நடுவே எட்ட இருந்தே கண்ணில் படும்.

அடிவாரத்து டீக்கடையில் ஃபாரஸ்ட் வாட்சர் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்வதுபோல, டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நெருப்பு வெக்காதீங்க. பிளாஸ்டிக் போடாதீங்க. மரத்துல கை வெக்காதீங்க. நாலு மணிக்கெல்லாம் எறங்கிடுங்க." ஜெயகரன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். நல்ல விதிகள் என்றே நினைத்தான்.

மரத்தில் கட்டிய வார் சொரசொரப்பான பட்டையில் நிற்காமல் நழுவியது. அதனால் ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சு உயரத்தில், வாரின் அகலத்துக்குப் பட்டையைக் கத்தியால் சுற்றிச் சீவி எடுத்தான். உள்ளே ஈரமாக வெளிறித் தெரிந்த இடத்தில் வாரை இறுக்கினான். சிக்கென்று நின்றது.

"மரத்துல கை வெக்காதீங்கன்னாரே மாமா," என்றான் ஜோவின்.

"பட்டைதானடா. ஆறிடும்."

அவனுக்கு அது ஒரு குற்றமாகவே படவில்லை. அவன் அப்பா காலத்தில் அந்த ஊரே ஆவாரம்பட்டை போட்டுத்தான் தோல் பதனிட்டது. வண்டி வண்டியாகப் பட்டை வந்து இறங்கும். உரிப்பதும் உரித்ததை ஊறப்போடுவதும் அவர்களுக்குச் சோறு வடிப்பது மாதிரி. பாதி வழியிலேயே அவன் கை தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. சீவு, கட்டு, நட. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரே ஒரு துண்டு வார்தான் மிச்சம்.

உச்சியிலிருந்து ஜோவின் தண்டவாளத்தைப் பார்த்தான். ஒரு ரயில் போயிற்று. அதன் கூவல், ரயில் கண்ணுக்கு மறைந்த பிறகு வந்து சேர்ந்தது. "அதுல நான் ஒக்காந்திருப்பேன் மாமா," என்றான். டோரதி கட்டிக் கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டார்கள். இலையைக்கூட மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். இறங்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது மரத்திலும் மெருகு இல்லை. அடுத்த சில மரங்களில் சிவப்பும் இல்லை.

ஜெயகரன் ஒரு வாரை நிமிர்த்திப் பார்த்தான். ஈரமாக இருந்தது. வெளிறிய நீலம். தோல் பதனிடும் குரோம் டிரம்மிலிருந்து இழுத்துப் போட்டதும் தோலுக்கு இருக்கும் அந்தச் செத்த நீலம். சாயம் ஏறுவதற்கு முன்னால் எல்லாத் தோலும் அந்த நிறத்தில்தான் கிடக்கும். தொழிற்சாலையில் அதற்கு வெட் ப்ளூ என்று பெயர். மழை இல்லை. பனி இல்லை. வாரின் நுனியிலிருந்து நீலத் தண்ணீர் சொட்டி மரத்தடி மண் நனைந்திருந்தது.

வாரைக் கொஞ்சம் நகர்த்தினான். அதற்குக் கீழே காலையில் பட்டை சீவிய காயம் இருக்க வேண்டும். இல்லை. பட்டை மூடி, சொரசொரப்பாக, பழையபடி முழுசாக இருந்தது. ஆறிடும் என்று சொன்னவன் அவன்தான். ஒரு பகலில் ஆறும் என்று சொல்லவில்லை.

கையைப் பின்னுக்கு இழுத்தபோது மணிக்கட்டு வரை மரத்திருப்பது தெரிந்தது. உதறினான். குளிரில் விறைத்த கை உதறினால் சரியாகிவிடும். இது ஆகவில்லை.

"மாமா, தோல் ஷெட்டு வாடை அடிக்குது," என்றான் ஜோவின்.

"இங்க ஏதுடா ஷெட்டு."

"மெய்யாலுமே. சுண்ணாம்பும் அழுகின முட்டையும் கலந்த வாடை. உங்களுக்கு வரலியா?"

ஜெயகரனுக்கு வரவில்லை. அந்த வாடையிலேயே பிறந்து வளர்ந்தவனின் மூக்குக்கு அது காற்று மாதிரி. ஆனால் சத்தம் கேட்டது. காற்று நின்று, பூச்சிகள் நின்று, காய்ந்த சருகு இரண்டு பேர் காலில் மிதிபடும் ஓசைக்கு அடியில், மலையின் வயிற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மெல்ல, ஒரே சீராக, தொம்... தொம்... என்று ஏதோ உருண்டது. பெரிய மர டிரம் சுற்றும்போது உள்ளே தோல்கள் தூக்கி விழும் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டுதான் அவன் தினமும் டிபன் சாப்பிடுகிறான். இங்கே அதைக் கேட்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து வந்த மரங்களில் வார் வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல்போல் உப்பி, வழவழத்து, கத்தியால் தொட்டால் நழுவியது. நீலத்துக்கு முந்தி வெள்ளை. ஜெயகரன் மனசுக்குள் அந்த வரிசை தானாக ஓடிற்று. மெருகு, சாயம், நீலம், சுண்ணாம்பு. எந்தத் தொழிற்சாலையிலும் தோல் இந்தப் பக்கமாகப் போகாது. இது பின்னால் போய்க்கொண்டிருந்தது.

சுண்ணாம்புக்கு முந்தி என்ன என்று அவனுக்குத் தெரியும்.

"இந்த வார் வேணாம்," என்றான். "வேற வழியா எறங்கலாம். ரோட்டுச் சத்தம் அந்தப் பக்கமிருந்துதானே வருது."

வலப்பக்கச் சரிவில் இறங்கினார்கள். முட்புதர், வழுக்குப் பாறை, மறுபடி முட்புதர். ஹைவே லாரிகளின் இரைச்சல் தெளிவாகக் கேட்டது. அதை நோக்கித்தான் நடந்தார்கள். ஜோவின் முதலில் நின்றான். எதிரே ஒரு மரம். மரத்தில் வார்.

"சுத்தி அங்கயே வந்துட்டோமா? இன்னா மாமா இது, பேஜாரு," என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அந்த வாரில் மயிர் இருந்தது. கறுப்பும் வெள்ளையும் கலந்த ஆட்டு மயிர், உப்பு ஒட்டி, விளிம்பில் ரத்தம் காய்ந்து, ஈ மொய்த்துக்கொண்டு. ஆடு அறுக்கும் தொட்டியிலிருந்து தோல் மண்டிக்கு வந்து இறங்கும் பச்சைத் தோல்.

ஜெயகரன் மணியைப் பார்க்கவில்லை. வெளிச்சத்தைப் பார்த்தான். மரங்களின் நிழல் நீண்டு ஒன்றோடொன்று சேரத் தொடங்கியிருந்தது. வார் இருக்கிற பக்கம்தான் வழி இருந்தது. வேறு பக்கம் போனால் மலை திருப்பி விட்டுவிடுகிறது. வெளிச்சத்தோடு இவனைக் கொண்டுபோய் டோரதியிடம் விட வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"நீ முன்னால போ. வாரைத் தொடாத. மரத்தையும் தொடாத. அடுத்தது எங்கன்னு மட்டும் பார்த்துச் சொல்லு."

ஜோவின் வேகமாக முன்னால் நடந்தான். ஜெயகரன் பின்னால் வந்தான். முழங்கை வரை மரத்திருந்தது இப்போது. முழுக்கைச் சட்டையின் துணி உரசுவதுகூடத் தெரியவில்லை. நடந்துகொண்டே ஒரு யோசனை அவனை விடாமல் சுற்றியது. பச்சைத் தோலுக்கு முந்தி என்ன? தொழிலில் அதற்குப் பெயர் இல்லை. அதற்கு முந்தி தோல் சரக்கு இல்லை. அதற்கு முந்தி அது உயிரோடு நடந்துகொண்டிருக்கும்.

"மாமா, அடுத்தது தெரியுது," என்றான் ஜோவின், மரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே.

ஜெயகரன் அந்த மரத்தருகே வந்தான்.

வாரில் மயிர் அதிகமில்லை. மாநிறம். மெல்லிசு. ஆட்டுத் தோலின் மணல்மணலான ரேகை இல்லை, மாட்டுத் தோலின் கனமும் இல்லை. இந்த ரகம் அவன் மேசைக்கு வந்ததே இல்லை. நடுவில் பிறைபோல் ஒரு பழைய தீத்தழும்பு.

மெருகு மிஷினின் சூட்டுத் தகடு முன்னொரு நாள் அவன் இடது முன்கையில் வைத்த தழும்பு.

அவன் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றினான். விரல்கள் மரத்திருந்ததால் நேரம் பிடித்தது. துணியை மேலே சுருட்டினான்.

வலி இல்லை. ரத்தம் இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, வரிசையாக, ஒரே அகலத்தில் தோல் போய், பட்டை சீவிய மரம்போல் ஈரமாக வெளிறியிருந்தது. விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. நல்ல வெட்டு என்று மனசு சொன்னது. செலக்ஷன் மேசையில் நின்று நின்று வந்த மனசு, அது அப்படித்தான் சொல்லும். கத்த வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதே தவிரக் கத்தல் வரவில்லை. பயம் எங்கோ தூரத்தில், உச்சியிலிருந்து பார்த்த ரயில்போல், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பையிலிருந்த கட்டுத்துணி ஞாபகம் வந்தது. எதைக் கட்டுவது? சட்டைக் கையை இறக்கினான். பொத்தானை மாட்டினான்.

"மாமா, வர்றீங்களா?"

"வர்றேன். நிக்காத, போ."

குரல் சாதாரணமாக வந்தது. அவனே ஆச்சரியப்பட்டான். நின்று என்ன ஆகப்போகிறது? வாரைப் பிடித்துக்கொண்டு போனால்தான் அடிவாரம். அடிவாரம் போனால்தான் ஜோவின் வீடு. தன்னைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். டோரதி நர்ஸ். பார்த்துக்கொள்வாள். அவள் முகத்தை நினைத்தபோது தொண்டையில் எங்கோ ஒரு சின்ன இடத்தில் வலித்தது. அந்த வலி இருக்கட்டும் என்று விரும்பினான். அதுவும் போயிற்று.

அடுத்த மரம். வார்.

அடுத்த மரம். தோளில் சட்டை வேறு மாதிரி உட்கார்ந்தது.

தொம்... தொம்...

அடுத்த மரம். இதில் அம்மைத் தழும்பு இருந்தது. சின்ன வயதில் அம்மா வேப்பிலையால் தடவிவிட்ட இடம். அம்மாவின் கை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தான். ஞாபகம் இல்லை.

அடுத்த மரம். முதுகு.

எந்த மரத்திலும் காயம் இல்லை. எல்லா மரமும் ஆறியிருந்தது. முழுப் பட்டையோடு, நிமிர்ந்து, வரிசையாக.

ஒரு திருப்பத்தில் மரங்கள் விலகின. கீழே டீக்கடை பல்பு எரிந்தது. அதற்கப்பால் ஹைவே. அதற்கப்பால் ஆம்பூர், விளக்கு போட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. இங்கிருந்து கீழே பார்க்க, வார் கட்டிய மரங்கள் வளைந்து வளைந்து அடிவாரம் வரை போவது தெரிந்தது. காலையில் அவன்தான் கட்டினான். ஒன்றையும் விடாமல், பாதுகாப்புக்காக, கொஞ்சம் நெருக்கமாகவே கட்டினான்.

ஜெயகரன் கணக்குப் போட்டான். அது அவன் தொழில். ஒரு தோலைப் பார்த்ததும் இதில் எத்தனை துண்டு விழும் என்று சொல்லிவிடுவான். வயிற்றுப் பக்கம் உதவாது, இழுத்தால் நீளும். கழுத்துச் சுருக்கம் கழிவு. கால் நெடுகக் கொஞ்சம் கிடைக்கும். நேரான நல்ல வார் முதுகில்தான் வரும், அது ஏற்கெனவே போய்விட்டது. மிச்சத்தை ஒருமுறை கூட்டினான். கீழே உள்ள மரங்களைப் பார்த்தான். மறுபடி கூட்டினான்.

பத்தாது.

இரண்டு ஆள் வேண்டும்.

"ஜோவின்," என்று கூப்பிட்டான். உதடு சரியாக அசையவில்லை. "ஜோவின், நில்லுடா."

ஜோவின் கேட்கவில்லை. கீழே விளக்கைப் பார்த்த சந்தோஷத்தில் எட்டி எட்டி இறங்கிக்கொண்டிருந்தான். இறங்கிக்கொண்டே வலது கையை உதறினான். மறுபடி உதறினான்.

"மாமா," என்றான் திரும்பாமலே. "அக்கா பார்த்தா கிண்டல் பண்ணும். இவ்ளோ நடந்ததுக்கே, எனக்கு இந்தக் கை மரத்துப் போன மாதிரி இருக்கு."

அவனுக்கு எதிரே அடுத்த மரம் நின்றது. அதில் வார். இளசான, தழும்பில்லாத தோல். அதன் நடுவில், போன வருடம் வேளாங்கண்ணித் திருவிழாவில் அவன் பச்சை குத்திக்கொண்ட சின்னச் சிலுவை. ஜோவின் அதை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. என்னவென்று பார்க்கக் கையை நீட்டினான். நீட்டிய கையில் சட்டை கொஞ்சம் மேலே ஏறியது.